இருபத்திரண்டு எழுத்துகளின் ஆணை: முடக்குவாத வரலாற்றில் ஒரு புதிய இயல்

சில மூலிகைகளின் பெயரிலேயே மருத்துவக் குறிப்பு பொதிந்திருக்கும். முடக்கறுத்தான் அத்தகைய பெயர். முடக்கை அறுப்பதால் முடக்கறுத்தான். வேலியோரம் படர்ந்து, காற்றடைத்த சிறு பைகளைப் போன்ற காய்களைத் தாங்கி நிற்கும் அக்கொடியைப் பொம்மிடிப் பக்கத்தில் அறியாதவர் இலர். தோசை மாவோடு சேர்த்து அரைப்பார்கள், ரசம் வைப்பார்கள். சேர்வராயன் மலையடிவாரத்து ஊர்களில் கைகால் மூட்டு பிடித்துக்கொண்டது என்று யாரேனும் சொன்னால், முதலில் வரும் பதில் 'வாதம்' என்னும் சொல்; அடுத்து வருவது இந்தக் கீரை.

இலக்கியம் பேசும் இவ்விடத்தில் மூட்டு நோயைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எழுத்து, படி, பொருள், பிழை, திருத்தம் ஆகிய சொற்களைக் கொண்டே இன்றைய உயிரியல் தன்னை விளக்கிக்கொள்கிறது. 2024ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு, ஏறத்தாழ 22 எழுத்துகளே கொண்ட ஒரு நுண்மூலக்கூறைக் கண்டறிந்தமைக்காக வழங்கப்பட்டது. அம்மூலக்கூறுகளுக்கு நம் ஊரில் கைவிரல் மடக்க முடியாமல் தவிக்கும் பெண்களின் நோயோடு நெருங்கிய தொடர்புண்டு. அத்தொடர்பின் வரலாற்றைச் சொல்ல முயல்வதே இக்கட்டுரை.

ஒரு சொல்லும் பல நோய்களும்

முதலில் 'வாதம்' என்னும் சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பேச்சு வழக்கில் அது எல்லா மூட்டு வலிக்கும் பொதுப்பெயர். தருமபுரி மாவட்டத்திலோ மூட்டு வலிக்குக் காரணங்கள் பல. இம்மாவட்டத்தின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. ஆண்டுக்கணக்கில் அந்நீரைக் குடிப்பவர்களின் பல்லில் கறை படியும். பின்னர் எலும்பும் மூட்டும் இறுகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்ததன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று இந்தப் புளோரைடு நோயைத் தணிப்பதே. 2006இல் தமிழகமெங்கும் பரவிய சிக்குன்குனியா, காய்ச்சல் நீங்கிய பின்னும் பலருக்கு மாதக்கணக்கில் மூட்டு வலியை விட்டுச் சென்றது. வயது ஏற ஏறக் குருத்தெலும்பு தேய்ந்து முழங்காலில் வருவது வேறொன்று. இவை எதிலும் சேராத தனி நோய் முடக்குவாதம்.

முடக்குவாதத்தில் தேய்மானம் நோயின் தொடக்கமன்று. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு ஆற்றல் தன் உடலையே பகையாகக் கருதித் தாக்குவதால் வருவது அது. மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு வீங்கித் தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. பெரும்பாலும் கைவிரல்களின் சிறு மூட்டுகளில், இரு கைகளிலும் ஒத்த இடங்களில் தோன்றும். காலையில் எழுந்தவுடன் விரல்கள் மடங்கா. அந்த இறுக்கம் விலக ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது.

நம் முன்னோர் இவ்வேறுபாட்டைக் கவனிக்காமல் இல்லை. யூகி வைத்திய சிந்தாமணி வாத நோய்களை எண்பதாக வகுத்துரைக்கிறது. அவற்றுள் உதிரவாத சுரோணிதம் என்பதனை இக்காலச் சித்த மருத்துவர்கள் முடக்குவாதத்தோடு ஒப்பிடுவர். நூலில் எண்பதாக இருந்தது ஊர்ப்பேச்சில் ஒன்றாகிவிட்டது. அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் நோய் மறைந்து நிற்பதால் எத்தனையோ மாதங்கள் வீணாகின்றன.

மேலை மருத்துவமும் இந்நோயை நெடுங்காலம் தனியாகக் காணவில்லை. 1800இல் பாரிசு நகரில் லாந்த்ரே-போவே என்னும் இளம் மருத்துவர் தம் ஆய்வேட்டில் ஒன்பது பெண்களின் நோயை விவரித்தார். அக்காலத்தில் மூட்டு வீக்கம் என்றால் செல்வந்தரான ஆடவர்க்கு வரும் 'கவுட்' என்றே எண்ணுவர். இவர் கண்டவர்களோ ஏழைப் பெண்கள். இது வேறு நோயாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். 1859இல் ஆங்கிலேய மருத்துவர் ஆல்ஃபிரட் காரட் இந்நோய்க்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரைச் சூட்டினார். மருந்தென்று சொல்லத்தக்க ஒன்று கிடைக்க மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

சென்னையில் பயின்ற ஒருவர்

அந்த மருந்தின் கதையில் சென்னைக்கும் இடமுண்டு. 1895இல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். கதராடை அணிந்து வந்ததால் அறுவை மருத்துவப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்கு மாறாகத் தாழ்ந்த நிலைச் சான்றிதழையே பெற்றார் என்பது அவர் வரலாற்றில் தவறாது சொல்லப்படும் செய்தி. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் கற்பித்துவிட்டு அமெரிக்கா சென்றார். ஹார்வர்டில் பணியாற்றி, பின்பு லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்குத் தலைமை ஏற்றார்.

அங்கே அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தை உருவாக்கியது; அதன் செயலைத் தடுக்கும் பொருள்களையும் படைத்தது. அவற்றுள் ஒன்று அமினோப்டெரின். அதன் உடன்பிறப்பு மெத்தோட்ரெக்சேட். முதலில் இவை பயன்பட்டது குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு. 1948இல் சுப்பாராவ் மறைந்தார். தம் மருந்துக் குடும்பம் மூட்டு நோய்க்கும் உதவும் என்பதை அவர் அறியவில்லை.

1951இல் குப்னர் என்னும் அமெரிக்க மருத்துவர் அமினோப்டெரினை முடக்குவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டார். ஆனால் அதை அன்று எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1948இல் ஹென்ச்சும் கெண்டலும் கார்ட்டிசோனால் படுக்கையில் கிடந்தவரை எழுந்து நடக்க வைத்திருந்தார்கள். 1950இல் நோபல் பரிசும் பெற்றார்கள். உலகம் அதன் ஒளியில் மயங்கியிருந்தது. முகம் வீங்குதல், எலும்பு மெலிதல், சர்க்கரை ஏறுதல் என அதன் மறுபக்கம் தெரியச் சில ஆண்டுகள் ஆயின. மெத்தோட்ரெக்சேட் மீண்டும் நினைவுக்கு வந்து, முறையான சோதனைகள் 1980களில் நடந்து, முடக்குவாதத்துக்கென அமெரிக்காவில் ஏற்பு பெற்றது 1988இல்தான். முதல் குறிப்புக்கும் ஏற்புக்கும் இடையே 37 ஆண்டுகள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள், சிறிய அளவில் கொடுக்கப்படும் அம்மருந்தே இன்றும் உலகெங்கும் இந்நோய்க்கு முதன்மையான சிகிச்சை. இந்த 37 ஆண்டுகளை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

புழுவில் கிடைத்த சார்பெழுத்து

இனி நுண்மூலக்கூறின் கதைக்கு வருவோம். உயிரணுவின் உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ.வை மூலச்சுவடி எனலாம். அதிலிருந்து தேவையான பகுதி மட்டும் படியெடுக்கப்படும். அந்தப் படி தூது ஆர்.என்.ஏ. அதைப் படித்துப் புரதம் கட்டப்படுகிறது. புரதமாக மாறாத ஆர்.என்.ஏ.வில் சில மட்டுமே பயனுள்ளவை, பிறவெல்லாம் பெரும்பாலும் வெற்றெழுத்து என்னும் எண்ணம் நெடுநாள் நிலவியது.

அமெரிக்காவில் விக்டர் ஆம்புரோசு, கேரி ரவ்குன் இருவரும் ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓர் உருளைப்புழுவை ஆராய்ந்துகொண்டிருந்தனர். அப்புழுவின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் இரு மரபணுக்கள் 'லின்-4', 'லின்-14'. முன்னது பின்னதை அடக்குகிறது என்பது தெரியும். எப்படி என்பது தெரியாது. ஆம்புரோசு லின்-4ஐத் தேடிப்போனபோது, அது புரதம் எதையும் தராமல் சுமார் 22 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. துணுக்கை மட்டும் தருவதைக் கண்டார். 1992இல் இருவரும் தத்தம் எழுத்து வரிசைகளை ஒப்பிட்டுப் பார்த்தனர். லின்-4இன் எழுத்துகள் லின்-14இன் தூதுப் படியின் கடைப்பகுதி எழுத்துகளோடு இணை சேர்ந்தன. துணுக்கு தூதின் மேல் ஒட்டிக்கொண்டு அது புரதமாகாமல் தடுக்கிறது! இரு கட்டுரைகளும் 1993 டிசம்பரில் ஒரே இதழில் வெளிவந்தன.

தமிழ் இலக்கணம் பயின்றவர்க்கு இது முற்றிலும் அந்நியமான செய்தியன்று. தொல்காப்பியம் குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் மூன்றையும் சார்ந்துவரும் எழுத்துகள் என்னும். அவை தனித்து இயங்கா. பிறவற்றைச் சார்ந்தே ஒலிக்கும். நுண் ஆர்.என்.ஏ.வும் அப்படித்தான். தானாக எந்தப் புரதத்தையும் எழுதாது. இன்னொரு செய்தியைச் சார்ந்து நின்று அதன் ஓசையைக் குறைக்கும். ஒப்புமை இவ்வளவில் நிற்கட்டும். இலக்கணத்தில் அறிவியலைத் தேடுவது நம் நோக்கமன்று.

அந்தக் கண்டுபிடிப்பு அன்று பெரிதும் கவனிக்கப்படவில்லை. புழுவின் தனிவழக்கு என்று விட்டுவிட்டார்கள். 2000ஆம் ஆண்டில் ரவ்குன் குழுவினர் 'லெட்-7' என்னும் இரண்டாவது துணுக்கைக் கண்டனர். அது புழுவில் மட்டுமன்றி ஈ, மீன், மனிதர் என விலங்குலகெங்கும் மாறாமல் இருந்தது. 2001இல் மூன்று ஆய்வுக்குழுக்கள் இத்தகைய துணுக்குகள் பலவற்றைக் கண்டு அறிவிக்க, 'மைக்ரோ ஆர்.என்.ஏ' என்னும் பெயர் நிலைபெற்றது. இக்கட்டுரையில் நாம் நுண் ஆர்.என்.ஏ. என்கிறோம். மனிதரிடம் இவற்றுக்கான மரபணுக்கள் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. ஒரு துணுக்கு பல செய்திகளை அடக்கும். ஒரே செய்தியைப் பல துணுக்குகள் அடக்கும்.

மூட்டுக்குள் நடப்பது

அழற்சி என்பது உடல் மூட்டும் தீ. புண்ணில் கிருமி நுழைந்தால் தீ வேண்டும். கிருமி அழிந்ததும் தீ அணைய வேண்டும். அணைக்கும் வேலையில் நுண் ஆர்.என்.ஏ.க்களுக்குப் பங்குண்டு என்பது 2006இல் தெளிவாயிற்று. டேவிட் பால்டிமோரின் ஆய்வுக்கூடத்தில், அழற்சி தொடங்கியதும் 'மிர்-146' என்னும் துணுக்கு மிகுதியாக உண்டாவதையும், அது அழற்சிச் செய்தியைக் கடத்தும் 'ஐராக்-1', 'டிராஃப்-6' என்னும் இரு புரதங்களின் உற்பத்தியைக் குறைப்பதையும் கண்டனர். அதாவது, தீ மூளும்போதே நீர்க்குடமும் நிரம்பத் தொடங்குகிறது.

இரண்டு ஆண்டுகளில் கேள்வி முடக்குவாதத்துக்கு வந்தது. 2008இல் சுவிட்சர்லாந்து, சப்பான், அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் தனித்தனியே நோயாளிகளின் மூட்டுச் சவ்வையும் இரத்த அணுக்களையும் ஆராய்ந்தனர். மிர்-146 குறைந்திருக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். அது கூடியிருந்தது. கூடியும் ஐராக்-1, டிராஃப்-6 இரண்டும் குறையவில்லை என்று அமெரிக்கக் குழு எழுதியது. காவலர் எண்ணிக்கை ஏறியும் களவு குறையாத ஊரைப் போன்றது அந்நிலை.

மற்றொரு துணுக்கான மிர்-155இன் இயல்பு வேறு. அதுவும் நோயுற்ற மூட்டில் மிகுந்திருந்தது. 2011இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் மிர்-155 இல்லாத சுண்டெலிகளுக்குச் செயற்கையாக மூட்டழற்சி உண்டாக்க முயன்றபோது, அவற்றை நோய் பற்றவில்லை. இத்துணுக்கு தீக்கு நெய் வார்ப்பது. 2009இல் சப்பானியக் குழுவொன்று மிர்-124 என்னும் மூன்றாவது துணுக்கு நோயாளிகளின் மூட்டுச் சவ்வு அணுக்களில் குறைந்திருப்பதைக் கண்டது. அடக்க வேண்டியது அடக்காமையும், தூண்டுவது மிகுதலும், இருக்க வேண்டியது குறைதலும் ஒரே மூட்டுக்குள் நிகழ்கின்றன. முடக்குவாதம் தானாக ஆறாமல் தொடர்வதற்கான காரணங்களுள் இவையும் சேர்கின்றன.

காட்பாடிவரை ஒரு தண்டவாளம்

பொம்மிடியில் ரயிலேறி மொரப்பூர், திருப்பத்தூர், சோலையார்பேட்டை கடந்து சென்றால் காட்பாடி. அங்குள்ள வேலூர் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் ரசூல் அவர்களின் ஆய்வுக்குழு, மூட்டழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளின் சவ்வணுக்களைக் கொண்டு நெடுங்காலமாக ஆய்வு செய்துவருகிறது. அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள்களுள் ஒன்று பெர்பெரின். நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் மரமஞ்சளுக்கு அதன் மஞ்சள் நிறத்தைத் தருவது இப்பொருளே. 2018இல் அக்குழு வெளியிட்ட கட்டுரையின் சாரம் இது: பெர்பெரின் மிர்-23ஏ என்னும் நுண் ஆர்.என்.ஏ.வின் அளவை உயர்த்துகிறது. அதன் வழியாக அழற்சியைக் கடத்தும் ஒரு சமிக்ஞைப் பாதை தணிகிறது. 2020இல் பெர்பெரினை நுண்ணிய கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைத்துச் செலுத்தி மேலும் ஆராய்ந்தார்கள்.

இதற்கு முன்னரும் இவ்வழி புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் பேராசிரியர் சச்சிதானந்தம் குழுவினர் சேராங்கொட்டையைப் பாலில் பதப்படுத்தி எடுத்த சாற்றை மூட்டழற்சி எலிகளில் சோதித்து, 2000களில் தொடர்ந்து எழுதியிருக்கிறார்கள். சித்த மருத்துவம் கையாண்ட பொருள்களை உயிர்வேதியியலின் தராசில் நிறுத்தும் முயற்சி அது. அன்று அழற்சி குறைகிறதா என்று கேட்டார்கள். வேலூர்க் குழு எந்த எழுத்தின் வழியாகக் குறைகிறது என்று கேட்டது. தமிழகத்து ஆய்வு வரலாற்றில் இந்தக் கேள்வி மாற்றம் கவனிக்கத்தக்கது.

ஆனால் இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். 'மரமஞ்சள் முடக்குவாதத்தைக் குணப்படுத்தும். விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு' என்று ஒரு துண்டுச் செய்தி எழுதுவது எளிது. அது வேகமாகப் பரவும். அந்த ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. அவை எலியிலும் கண்ணாடிக் கிண்ணத்து அணுக்களிலும் நடந்தவை. ஒரு சமிக்ஞைப் பாதை எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டியவை. கிண்ணத்தில் அணுவின் மேல் நேரே ஊற்றும் அளவு வேறு. நாம் குடிக்கும் கசாயத்திலிருந்து குடலைக் கடந்து விரல் மூட்டைச் சேரும் அளவு வேறு. போதாக்குறைக்கு மரமஞ்சள் அருகிவரும் கொடி. அரைகுறைச் செய்தியால் நோயாளிக்கும் பயனில்லை, காட்டுக்கும் கேடு.

எலிக்கும் மனிதருக்கும் இடையே

அந்த இடைவெளி எத்துணைப் பெரிது என்பதற்கு வரலாறே சான்று. ஒரு நுண் ஆர்.என்.ஏ.வைப் போலச் செய்த பொருளை மனிதருக்கு முதன்முதலாகச் செலுத்தியது 2013இல். புற்றுநோயாளிகளுக்கு, மிர்-34 என்னும் துணுக்கின் போலி. சிலரிடம் நோயெதிர்ப்பு ஆற்றல் கடுமையாகக் கிளர்ந்தெழுந்து உயிரிழப்புகளும் நேர்ந்ததால் 2016இல் அச்சோதனை நிறுத்தப்பட்டது. ஒரு துணுக்கு பல செய்திகளை அடக்கும் என்று முன்னர்ச் சொன்னோம். அதன் வலிமையும் ஆபத்தும் அதுவே. இதன் உறவினமான வேறொரு குறு ஆர்.என்.ஏ. வகையில் 2018இல் முதல் மருந்து ஏற்பு பெற்றது. அது கல்லீரலுக்குச் செல்வது. கல்லீரலுக்குப் பொருளை அனுப்புவது எளிது. விரல் மூட்டின் சவ்வுக்கு மட்டும் அனுப்புவது கடினம்.

சுற்றுவழி ஒன்றும் முயலப்படுகிறது. நுண் ஆர்.என்.ஏ.வைச் செலுத்தாமல், உடலே மிர்-124ஐ மிகுதியாக உண்டாக்கத் தூண்டும் ஒபிஃபாசிமோட் என்னும் மாத்திரை. முடக்குவாத நோயாளிகளிடம் மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்த்து நடத்திய சிறு சோதனையின் முடிவு 2022இல் வெளிவந்தது. குறைந்த அளவில் உடல் அதைத் தாங்கியது. பெருங்குடல் அழற்சிக்கான பெரிய சோதனைகளில் 2025இல் நல்ல பயன் தெரிந்தது. ஆயினும் முடக்குவாதத்துக்கென ஏற்பு பெற்ற நுண் ஆர்.என்.ஏ. மருந்து இன்றுவரை ஒன்றும் இல்லை.

மெத்தோட்ரெக்சேட்டுக்கு 37 ஆண்டுகள். மூட்டில் நுண் ஆர்.என்.ஏ. தேடத் தொடங்கிய 2008இலிருந்து கணக்கிட்டால் இன்னும் இருபது ஆண்டுகள்கூட நிறையவில்லை. ஆகவே அறிவியல் தாமதிக்கிறது என்று குறை கூற இடமில்லை. ஆனால் நோயாளியின் மூட்டுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. எலும்பு அரிப்பு பலருக்கு நோய் தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே தென்படும். அரித்த எலும்பு பழைய வடிவுக்குத் திரும்பாது. முதல் சில மாதங்களில் சிகிச்சை தொடங்கியவர்களின் கைகள் பெரும்பாலும் நேராகவே இருக்கின்றன.

எனவே பொம்மிடியிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் மரவள்ளிக் காட்டிலும் மஞ்சள் வயலிலும் கைகளை நம்பி வாழும் பெண்களுக்குச் சொல்ல வேண்டியவை சில உண்டு. இரு கை விரல்களும் வீங்கி, காலை இறுக்கம் நெடுநேரம் நீடித்து, ஆறு வாரம் கடந்தும் தணியவில்லையென்றால் அதற்கு வாதம் என்று பெயரிட்டு அமைதி கொள்ளலாகாது. 2008இல் தொடங்கிய தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. இரத்தப் பரிசோதனையும் மருத்துவரின் தேர்ந்த கையும் எந்த வாதம் என்பதைப் பிரித்துச் சொல்லும். மெத்தோட்ரெக்சேட் எழுதித் தந்தால் அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே உண்ணத்தக்கது. நாள்தோறும் உண்டால் உயிருக்கே கேடு. கருவுற்றவரும் கருவுற விரும்புவோரும் அதை உண்ணலாகாது. இரத்தமும் கல்லீரலும் அவ்வப்போது சோதிக்கப்பட வேண்டும். உடனே வலி பறக்கும் என்று பெயரில்லாத பொடிகளை விற்பவர்களிடம் எச்சரிக்கை வேண்டும். அத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்ட உண்மை.

முடக்கறுத்தான் தோசையை விட்டுவிடச் சொல்லவில்லை. அது நல்ல உணவு. அதை உண்டுகொண்டே மருத்துவரிடமும் போகலாம். வெற்றெழுத்து என்று ஒதுக்கப்பட்ட 22 எழுத்துகள் ஓர் ஆணையாக இருந்தன என்று அறிய உலகுக்குப் பல்லாண்டுகள் ஆயின. காலையில் விரல் மடங்கவில்லை என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதும் அவ்வாறே வெற்றுப் புலம்பலாக ஒதுக்கப்படுகிறது. அதைச் செவிகொடுத்துக் கேட்க நமக்கு ஆய்வுக்கூடம் எதுவும் தேவையில்லை.